மீன் தண்ணீர் குடித்த ஆர்க்கிட்

ராயபுரம் டிராமில் என் முன்பெஞ்சில் இரண்டு பெண்கள். இளையவள் சொன்னாள்: "தெனம் ஊட்டி ஊட்டியே அத்த நான் சாவடிக்கப் பாத்தேங்க்கா."

மூத்தவள் திடுக்கிட்டாள். "யார?"

"ஆர்க்கிட் பூச்செடிய. எங்க வூட்டுக்காரரு கப்பல் வேலைக்குப் போன எடத்துல, ரங்கூன்லேர்ந்து கொண்டாந்தாரு. நல்லா வளரட்டும்னு தெனம் மீன் கழுவுன தண்ணி ஊத்தினேன். எல பழுத்துப்போச்சு. மண்ணத் தள்ளிப் பாத்தா வேரு கறுத்து, தொட்டா நசுங்குது. மறுபடியும் கப்பலுக்குப் போன அவரு திரும்பி வர ஒரு மாசம்தான் இருந்துச்சு."

"இன்னா பண்ண?"

"எண்ணூர் பங்களாவுல தோட்ட வேல செய்ற மாமாவக் கேட்டேன். 'அது மரத்துல தொத்திகினு வாழற செடி, மண்ணுல பொதச்சா மூச்சு முட்டும்'னாரு. அழுவுன வேர வெட்டிட்டு, அடுப்புக்கரியோட தேங்கா மட்டையில கட்டி நெழல்ல தொங்க வுட்டேன். வெறும் தண்ணி தெளிச்சேன். போன வாரம் பச்சையா ஒரு வேரு எட்டிப் பாத்துச்சு."

"அவரு வந்தாரா?"

"நேத்து வந்தாரு. பயந்துகினே எல்லாத்தையும் சொன்னேன். சிரிச்சாரு. 'உனுக்குன்னு மொதல்ல வாங்குன ரெண்டு செடிய கப்பல்லியே நான் அழுவ வுட்டுட்டேன், இது மூணாவது'ன்னாரு."