பூட்டில்லாத புத்தகம்

மலேசியாவின் கோலா கெடா படகுத்துறையில், லங்காவித் தீவுக்குப் போகும் ஃபெர்ரிக்கு வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் வெள்ளைக்கோலுடன் கண் தெரியாத அக்கா ஒருவர், கூடவே அவர் தம்பி.

"பூட்டு இல்லன்னா யாரு வேணும்னாலும் எடுத்துக்கலாமா?" அக்காவின் குரல் உயர்ந்தது.

"ஒரு ஆடியோ புக்குதானேக்கா. காப்பி அனுப்புங்கலா."

"காசு குடுத்து வாங்குனேன், காப்பி எடுக்க முடியாதபடி பூட்டு போட்டிருந்ததால என் படிக்கிற மெஷின்ல தொறக்கல. கம்பெனிகிட்ட சண்ட போட்டேன். பூட்ட எடுத்தா ஊரெல்லாம் காப்பி போயிரும்னாங்க. என் கையிலருந்து போகாதுன்னேன். நம்பி எடுத்துக் குடுத்தாங்க."

"நான் உங்க தம்பிக்கா!"

"தம்பிக்கும் கெடையாது."

ஃபெர்ரியில் ஏறி உட்கார்ந்ததும் அக்கா ஒரு காதிலிருந்த இயர்போனைக் கழற்றித் தம்பியிடம் நீட்டினார்.

"லங்காவி வரைக்கும் என்கூட கேளு. எறங்குறப்ப திருப்பிக் குடுத்துரணும்."