வயது வரம்பில்லாத ஆட்டம்

எங்கள் வீட்டில் காலை நாஷ்டா என் பொறுப்பு, மேடம். சுதாவுக்குத் தோசை முறுகலாக இருக்க வேண்டும். கல்யாணமாகி பதினோரு வருடத்தில் ஒரு நாள்கூட அவளிடம் கை ஓங்கியதில்லை. எங்கள் ஊர் பெருநகரில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

அவள் ஆடியது லான் பவுல்ஸ். புல்தரையில் கனமான பந்தை உருட்டி, தூரத்தில் கிடக்கும் சின்ன வெள்ளைப் பந்துக்குப் பக்கத்தில் நிறுத்த வேண்டும். பந்தை ஒரு பக்கம் சாய்வாகச் செய்திருப்பார்கள், அதனால் வளைந்துதான் போகும். நெல் காயவைக்கும் களத்தில் பழகியே இந்தியாவுக்காக மூன்று நாடுகளுக்குப் போய்வந்தாள். ஒவ்வொரு முறையும் விமானம் ஏற்றிவிட்டு வந்தால் எனக்குச் சோறு இறங்காது. சொன்னால் சிரிப்பாள்.

"இன்னா மாமா, நானு இன்னா கொயந்தையா, தொலைஞ்சு பூட?"

பொறுத்துக்கொண்டேன். ஓட்டக்காரிகள் முப்பதைத் தாண்டினால் நிறுத்திவிடுகிறார்கள். இவளும் நிறுத்துவாள் என்றிருந்தேன். போன பொங்கலுக்கு வந்த பயிற்சியாளர் ஐசக் சார் கரும்பைக் கடித்துக்கொண்டே சொன்னார்: "இந்த ஆட்டத்துக்கு வயசே கெடியாதும்மா. அறுவது வயசுலயும் ஆடிக்கினுதான் கீறாங்க."

சுதா கைதட்டினாள். அவளுக்கு முப்பத்துநாலு. இன்னும் இருபத்தாறு வருடம்.

மாட்டுக்குச் சோளத்தட்டை நறுக்கும் மோட்டார் மெஷின் எங்கள் கொட்டகையில் இருக்கிறது. மாசியில் ஒரு நாள் தட்டை சிக்கிக்கொண்டது. கரண்ட் இல்லையே என்று கையை விட்டு எடுத்தாள். கரண்ட் வந்துவிட்டது. வலது கையில் மூன்று விரல்கள் போய்விட்டன. ஊரே கரண்ட்டைத் திட்டியது.

அதற்குப் பிறகு வந்த ஐந்து மாதம்தான் எங்களுக்கு நல்ல காலம். ஊட்டிவிட்டேன், தலை பின்னிவிட்டேன். பயமில்லாமல் தூங்கினேன்.

போன வாரம் காலையில் களத்தில் பந்து உருளும் சத்தம். இடது கையால் உருட்டிக்கொண்டிருந்தாள்.

"பந்தத் திருப்பிப் புடிச்சா போதும் மாமா, எப்பவும் மாரியே வளையுது. ஐசக் சாரு மறுபடி ஆடக் கெளம்பி வரச் சொல்லிட்டாரு."

விரல் போனதிலிருந்து அவள் அந்த மெஷின் பக்கமே போவதில்லை. நேற்று, கன்றுக்குட்டியின் கயிறு அதில் மாட்டிக்கொண்டது என்று கூப்பிட்டேன். மாட்டியது நான்தான். ஓடி வந்தவள் கொட்டகை வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"மாமா, கரண்ட்டு இல்ல தான?"

"இல்ல. நான் கன்னுக்குட்டியப் புடிச்சிக்கினு கீறேன், நீ கயித்த எடு."

"மெய்யாலுமா?"

"நான் கீறேன் இல்ல. இன்னா பயம்?"

இடது கையை விட்டாள்.

மெயின் ஸ்விட்ச் கொட்டகைத் தூணில், என் தோள் உயரத்தில் இருக்கிறது. இரண்டு முறையும் இறக்கி வைத்தது நான். ஏற்றியதும் நான். வாக்குமூலத்தில் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போட்டுவிடுகிறேன்.

சீக்கிரம் முடித்துவிட்டால் நல்லது. மணி ஒன்றாகிறது, ஆஸ்பத்திரியில் அவளுக்குச் சாப்பாடு வந்திருக்கும். இனி யாராவது ஊட்டித்தானே ஆக வேண்டும். என் பேரை எடுத்தாலே அலறுகிறாளாம், நர்ஸம்மா சொன்னார்கள். பாருங்கள் மேடம், நானில்லாமல் அவளால் இருக்க முடியாது.