நார்ப்பாயில் ஒரு துண்டு

— பாயைக் கத்தி வச்சு வெட்டியிருக்கான், பாரு. தானாக் கிழிஞ்சதில்ல. ஒரு ஆள் நிக்கிற அளவுக்குச் சதுரமா.

— முதல்ல கை கழுவிட்டு உக்காருங்க. சோறு ஆறுது.

— சோறு இறங்குமா எனக்கு? மணல்மேடு பூரா பாய் விரிச்சு, முளை அடிச்சு, ஓடுற மணலை ஒரு வழியா நிறுத்தி வச்சிருக்கோம். எவனோ வீட்டு வாசல்ல போட ஒரு துண்டு வெட்டிக்கிட்டுப் போயிருக்கான். அந்த ஓட்டையில காத்து பூந்து தோண்டுது, பாரு.

— வெறும் தேங்கா நாருதானே. அதுக்கா இந்தக் கத்து?

— வெறும் நாரா? போன வருஷம் மணல் வந்து கதவை அடைச்சப்ப ஜன்னல் வழியா ஏறிக் குதிச்சது யாரு?

— நான்தான். புடவையும் கிழிஞ்சுது. இல்லைன்னா சொன்னேன்? இந்த வருஷம்தான் பல்லுல மணல் கடிபடாமச் சாப்பிடுறோம்.

— அதையும் இன்னிக்கே நல்லா ரசிச்சுச் சாப்பிட்டுக்கோ.

— என்ன, ஒரு மாதிரியாப் பேசுறீங்க?

— நாளைக்குக் காலையில பாயை எல்லாம் சுருட்டப் போறோம். பாய் விரிக்கச் சொன்ன அதிகாரியே சொல்லிட்டாரு.

— ஒரு துண்டு காணோம்னா?

— அதுக்கில்ல. பாய்க்குள்ள வச்சுத் தச்ச புல்விதை ஒண்ணுகூட முளைக்கல. நாரு கொஞ்ச வருஷத்துல மக்கிடும். அதுக்குள்ள புல்லு வேர் விட்டு மணலைப் பிடிச்சாத்தான் மேடு நகராம நிக்கும். தூறல் போட்டும் பச்சையே காணோம். செத்த விதைன்னு முடிவு பண்ணிட்டாரு. பாயாவது வேற மேட்டுக்கு ஆகட்டும்னு எடுத்துட்டுப் போறாரு.

— அப்ப நம்ம வீடு?

— பூட்டிட்டு உங்க அண்ணன் வீட்டுக்குக் கிளம்ப வேண்டியதுதான்.

— அண்ணி மூஞ்சியில முழிக்கவா? அதுக்கு இங்கயே மணலைத் தின்னுட்டுக் கெடக்கலாம்.

— எனக்கு மட்டும் ஆசையா? ஏன், நீ எதுக்கு இப்படிப் பேந்தப் பேந்த முழிக்கிற?

— கோவிச்சுக்க மாட்டேன்னு சொல்லுங்க.

— என்ன பண்ணித் தொலைச்ச?

— முதல்ல சொல்லுங்க.

— சரி, கோவிச்சுக்கல.

— அந்தத் துண்டை வெட்டினது நான்தான்.

— நீயா? பாய் விரிக்கிறவன் பொண்டாட்டியே பாயை வெட்டினாள்னு தெரிஞ்சா ஊர் சிரிக்கும்டி.

— கோவிச்சுக்கலன்னீங்களே. பின்னாடி பாத்திரம் தேய்க்கிற இடத்துல ஈர மணல்ல கால் புதையுது. ஏறி நின்னுக்கலாமேன்னு ஒரு துண்டு எடுத்தேன்.

— என் கண்ணுல படவே இல்லையே.

— கல்யாணம் ஆன நாள்லேர்ந்து நீங்க என்னிக்கு அந்தப் பக்கம் எட்டிப் பாத்திருக்கீங்க?

— சரி விடு. கொண்டா அதை. அதிகாரி வர்றதுக்குள்ள இருந்த இடத்துலயே வச்சுத் தச்சுடறேன், மானமாவது மிஞ்சும்.

— நானும் காலையில அப்படித்தான் நினைச்சேன். ரெண்டு கையாலயும் இழுத்துப் பாத்துட்டேன். வரல.

— ஏன், ஆணியா அடிச்சு வச்சிருக்க?

— திட்டு விழுமேன்னு இத்தனை நாள் வாயைத் திறக்கல. பாத்திரம் கழுவுற தண்ணி தினம் அது மேலதானே போகுது. புல்லு என் கணுக்கால் வரைக்கும் வந்துடுச்சுங்க, வேரு மணலைப் பிடிச்சுக்கிட்டு விடவே மாட்டேங்குது.