கழற்றி மாட்டும் கதவு

ஷ்வேப்யிதா என்ற புறநகருக்குப் போகும் பஸ்ஸில் ஒருவர் மரக்கதவொன்றை அணைத்தபடி நின்றார். உட்கார்ந்திருந்த பெரியவர் கேட்டார்:

"என்னா மாப்ளே, மாமியா வூட்டுக் கதவையா கழட்டிட்டே?"

"நம்ம வூட்டுதுதான் மாமா. எங்க தெருவுல இனி வூடு கூடாதுன்னு வார்டு ஆபீஸ்ல சொல்லிட்டான். கதவிருந்தா வூடாம், இல்லாட்டி கொட்டகையாம். கழட்டித் தங்கச்சிகிட்ட வச்சிருந்தேன்."

"இப்ப எதுக்குத் தூக்கிட்டுப் போறே?"

"மழைக்காலம் வர்றதுக்குள்ள வூடு கட்டாட்டி மனையைப் பிடுங்கிருவோம்னு கவர்மெண்டு உத்தரவு. நாளைக்கு மேலாபீஸ்காரன் பாக்க வர்றான். மாட்டணும்."

"நேத்து எங்க வார்டுக்கு அந்த ரெண்டு ஆபீஸ்காரனும் ஒரே வண்டியிலல்ல வந்தாங்க?"

கதவுக்காரர் தாழ்ப்பாளை வெறுமனே இழுத்துவிட்டுக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்:

"அப்ப கதவ மாட்டறதா, வேணாமா? நான் எங்க எறங்கறது மாமா?"