ஆறு குழிக்கும் மெழுகு

காபி வேண்டாம், இன்ஸ்பெக்டர் சார். இந்த ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் கிடக்கிற பொன்னுராஜுக்கு வாங்கிப்போன பால்கோவாவில் பாதியை நானே தின்றுவிட்டேன். திகட்டிக்கொண்டு இருக்கிறது.

நான் சூசை. ராஜபாளையத்தில் மில் ஃபிட்டர். அறுபத்தொன்பதில் சேர்ந்தேன், இருபத்திரண்டு வருஷமாகிறது. எங்கள் முதலாளிக்கு அவர் மச்சினர் அமெரிக்காவிலிருந்து ஒரு ரிவால்வர் கொண்டுவந்தார். பழைய காலத்து மாடலில் புதிதாகச் செய்தது. தோட்டா கிடையாது, சுழல்கிற உருளையில் இருக்கிற ஆறு குழியிலும் கரிமருந்தும் ஈயக் குண்டும் கையால் கெட்டிக்க வேண்டும். லைசென்ஸ் சரியாக இருக்கிறது, அதைத் தோண்டாதீர்கள்.

வந்தபோது அது சரியான மக்கர் சாமான். இடது பக்கம் ஒரு முழம் தள்ளிச் சுடும். மூன்று மாதம் அதோடு உட்கார்ந்தேன். விசையை அராவி இலகுவாக்கினேன். குறி பார்க்கிற முள்ளைப் பித்தளையில் புதிதாக வைத்தேன். என் கைக்கு அளவெடுத்து ஈட்டி மரத்தில் பிடி செதுக்கினேன்.

மாந்தோப்பில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முதலாளி அதை லாரி டிரைவர் பொன்னுராஜிடம் விளையாட்டாக நீட்டினார். ஆறுக்கு ஆறு டின் விழுந்தது. எனக்கு இரண்டுதான் விழுந்திருந்தது. என் கைக்குச் செய்த பிடி அவன் கையில் போய் அப்படிப் பொருந்தியது. கைராசிக்காரன் என்றார் முதலாளி. அதன்பின் விருந்தாளி வந்தால் சுடுவது அவன், மருந்து கெட்டிப்பது நான். மம்சாபுரம் வரைக்கும் அவனுக்குத் துப்பாக்கி பொன்னுராஜ் என்று பேர். அராவினது யார் என்று ஒரு பயல் கேட்கவில்லை. பொறாமை என்று எழுதிவிடாதீர்கள். வயிறு எரிந்தது, அவ்வளவுதான்.

குண்டு போட்டபின் குழிகளின் வாயை மெழுகால் அடைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு குழியின் தீ அடுத்ததற்குத் தாவும். அவனுக்கும் இது தெரியும். ஆனால் நான் கொடுத்தால் பார்க்க மாட்டான். போன ஞாயிறு மெழுகு டப்பா என் சட்டைப்பையில்தான் இருந்தது. எடுக்கவில்லை. கவனியுங்கள், நான் எதையும் செய்யவில்லை.

"எல்லாம் சரியா இருக்கா அண்ணாச்சி?" என்றான்.

"இருக்குலே, சுடு."

இடது கையைக் குழலுக்கு அடியில் தாங்கிச் சுடுகிறவன் அவன். மூன்று குழி ஒன்றாக வெடித்தது. அந்தக் கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும்தான் மிச்சம். என் துண்டால் கட்டி நான்தான் காரில் ஏற்றினேன்.

அதோடு முடிந்திருக்கும். நான் மறந்துவிட்டதாக நினைத்து உங்கள் ஏட்டையாவிடம் அவன் சொல்லியிருக்கிறான்: "அண்ணாச்சி மேல தப்பு இல்ல. மெழுகு வேண்டாம்னு நாந்தான் அவசரப்படுத்துனேன்." நாலு பிள்ளைக்காரன் நான் ஜெயிலுக்குப் போகக் கூடாதாம். இப்போது கட்டிலைச் சுற்றி மில்லே நிற்கிறது. முதலாளி கண் கலங்குகிறார். என் பெண்டாட்டி செல்லத்தாய் ஜெபத்தில் முதலில் சொல்வது அவன் பேரைத்தான்.

விரல் போயும் அவன்தான் பெரிய மனுஷனா, சார்? அவன் சொன்னதை அடித்துவிடுங்கள். அந்தக் காரியம் முழுக்க நான் செய்தது. என் பேரைப் போட்டு எழுதுங்கள்.