பிரஸ் பட்டனின் முடிச்சை அவிழ்த்த சௌந்திரம் அக்காவுக்கு

முப்பத்தோராண்டுகள் எங்களோடு உழைத்து, இன்று பணிநிறைவு காணும் பண்பின் பெட்டகமே! நேரம் குறிக்கும் எழுத்தராய் நுழைந்து, நெஞ்சமறிந்த பாதுகாப்பு அலுவலராய் உயர்ந்த நேர்மையின் நிலைக்களனே! புதுச்சத்திரத்து லாரி பாடி கட்டும் பட்டறையில் இரும்புச் சத்தத்தையும் மீறிக் கேட்ட இன்குரலே! எங்கள் சௌந்திரம் அக்காவே, வணக்கம்!

தலைக்கவசம் தந்தீர்கள், தடுப்புக்கம்பி வைத்தீர்கள் என்று அடுக்கிக்கொண்டே போனால் நீங்கள் முகம் சுளிப்பீர்கள். ஆகவே ஒரே ஒரு நிகழ்வைச் சொல்லி வாழ்த்த விழைகிறோம்.

நான்காண்டுகளுக்கு முன் நம் வாசலில் ‘விபத்தில்லா நாட்கள்’ என்றொரு பலகை இருந்தது. முந்நூறு நாள் நிறைந்தால் ஆளுக்கொரு எவர்சில்வர் குடம் என்பது நிர்வாகத்தின் அறிவிப்பு. இருநூற்றுத் தொண்ணூற்றெட்டாம் நாள், தகடு வளைக்கும் பிரஸ்ஸில் ராசுவின் வலக்கை விரல்நுனி நசுங்கியது. இரு கைகளாலும் இரு பட்டன்களை அழுத்தினால்தான் அந்த பிரஸ் இறங்கும். வலப்பக்கப் பட்டனை யாரோ பழைய டியூப் துண்டால் அழுந்தியே இருக்கும்படி இறுக்கிக் கட்டியிருந்ததால், அவன் வலக்கை தகட்டின்மேல் இருந்தது. இன்னும் இரண்டு அங்குலம் உள்ளே போயிருந்தால் கையே போயிருக்கும்.

குடத்துக்கு ஆசைப்பட்ட நாங்கள் அவன் விரலில் வேஸ்ட் துணியைச் சுற்றினோம். “டிபன் கேரியர் மூடி கிழிச்சிருச்சுங்க அக்கா” என்று அவன் சொல்ல, நாற்பது பேரும் தலையாட்டினோம். நசுங்கிய விரலுக்கும் கிழிந்த விரலுக்கும் வேறுபாடு தெரியாதவரா நீங்கள்!

ராசுவை மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டு, டியூப் முடிச்சை அவிழ்த்தெறிந்து, அந்த பிரஸ்ஸின் முன் நின்று ஒரு ஷிப்டு முழுக்க நீங்களே தகடு வளைத்தீர்கள். மாலையில் தோளைப் பிடித்துக்கொண்டு எங்களிடம் வந்தீர்கள்.

“கட்டுனது யாருன்னு எனக்கு வேண்டாஞ் சாமி. அந்தப் பட்டன் எட்டவே மாட்டேங்குது. இத்தன நாளா ஏனுங்க ஒருத்தருஞ் சொல்லல?”

“சொன்னா திட்டுங்க, சொல்லாட்டி குடமுங்க” என்றார் வெல்டர் சின்னண்ணன்.

அந்தப் பதிலைப் பிடித்துக்கொண்டீர்களே, அதுதான் உங்கள் பேரறிவு! பட்டன் கைக்கெட்டும் இடத்துக்கு வந்தது. பலகையில் நாட்கணக்கை அழித்து, ‘இன்று சொல்லப்பட்ட ஆபத்துகள்’ என்று எழுதினீர்கள். முதல் வரிக்கு முதலாளி குணசீலனையே பேசவைத்தீர்கள். “கிரேனுக்கு அடியில நடந்து போனது நாந்தானுங்க” என்றார் அவர். முதலாளியே ஒப்புக்கொண்டபின் எங்களுக்கென்ன கூச்சம்! அன்றுமுதல் தேய்ந்த கம்பி, கசியும் எண்ணெய், தூக்கக் கலக்கம் எல்லாம் பலகையேறின. குடம் மட்டும் வரவேயில்லை. அதில் எங்களுக்குச் சிறு வருத்தமுண்டு.

குற்றவாளியைத் தேடாமல் குறையைத் தேடிய குணக்குன்றே! பலகையேறாத செய்தி ஒன்று இன்னும் மிச்சமிருக்கிறது. அந்த டியூப்பைக் கட்டியவன், இம்மடலை எழுதி உங்கள்முன் வாசிக்கும் காளிதாஸாகிய நான். அன்று நீங்கள் கேட்டிருந்தால் பொய் சொல்லியிருப்பேன். கேட்காமல் விட்டதால் நான்காண்டுகளாக அந்த உண்மையைச் சுமந்து திரிகிறேன். நேற்று ராசுவிடம் சொல்லி அழுதேன். “தெரியுமுங்கண்ணா. உங்க முடிச்சு எனக்குத் தெரியாதுங்களா?” என்றான்.

தோள்வலி தீர்ந்து, பேரப்பிள்ளைகள் சூழ, நூறாண்டு நலமோடு வாழ்க அக்கா! போவதற்குமுன் பலகையில் என் பெயரை எழுதிவிட்டுப் போங்கள். அது உங்கள் கையெழுத்தில் இருக்கட்டும்.

என்றும் உங்கள் அன்பில்,
ராசு (வலக்கையால் இட்ட ஒப்பம்)
காளிதாஸ்
மற்றும் பட்டறைத் தொழிலாளர்கள்