காத்திருப்போர் மண்டபமும் கனகம் கட்டிய கட்டும்

வெள்ளை வேட்டிக்கும் விரிந்த சிரிப்புக்கும் சொந்தக்காரரான விழாத் தலைவர், இம்மருத்துவமனை அறக்கட்டளையின் அச்சாணி, அண்ணல் நரசிம்மன் ஐயா அவர்களே! மேடையை அலங்கரிக்கும் மருத்துவப் பெருமக்களே! கல்வெட்டில் இடம்பிடித்த முதலாளிகளே, அடுத்த கல்வெட்டுக்குத் துண்டு போட்டிருக்கும் மற்ற முதலாளிகளே! முன்வரிசை மூத்தோரே! முதல் ஷிப்ட் முடித்து, முகம்கூடக் கழுவாமல் வந்தமர்ந்திருக்கும் தோழர்களே! பிள்ளைகளைக் கம்பெனி பஸ்ஸில் ஏற்றிவிட்டு, பெருமூச்சை மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோகும் தாய்மார்களே! உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

பகலில் வல்லம் வடகால் தொழிற்பேட்டையில் காருக்குக் கதவு பொருத்துகிறவன் நான். மாலையில் பட்டிமன்றம் பேசுகிறவன். இன்று வாழ்த்திப் பேச அழைத்திருக்கிறார்கள். வாழ்த்தத்தான் போகிறேன். பயப்படாதீர்கள், தலைவரே!

எதை வாழ்த்துவது? இதோ, எழிலோடு எழுந்து நிற்கிறதே, காத்திருப்போர் மண்டபம்! மனநல மருத்துவர் வாரத்தில் ஒருநாள், வியாழக்கிழமை மட்டும் வருகிறார். மற்ற நாட்களிலும் அவரை வரவழைக்க யாரால்தான் முடியாது? அது எளிய வேலை. ஆகவே அதை ஒதுக்கிவிட்டு, காத்திருப்பதற்கே கருங்கல்லில் மண்டபம் கட்டினார்களே, அந்தக் கொடை நெஞ்சை என்னவென்று புகழ்வேன்!

என்ன தம்பி, கைதட்டுகிறாயா? பொறு. கதையைக் கேட்டுவிட்டுத் தட்டு.

எங்கள் கேன்டீனில் சாம்பார் ஊற்றும் அக்கா ஒருவர். கனகம் என்று வைத்துக்கொள்வோம். அவர் மகள் பதினெட்டு வயதுப் பெண், பக்கத்துக் கம்பெனியில் அப்ரென்டிஸ். காவேரி என்று வைத்துக்கொள்வோம். கதையைச் சொல்லச் சொன்னவளே அவள்தான். “எம் பேரு மட்டும் வேணாம்ண்ணே. கட்டு மேட்டர சொல்லு, சிரிப்பாங்கோ” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் அம்மாவிடம், “எனக்கு உசுரோட இருக்கவே புடிக்கலம்மா” என்றாள். தாய்மார்களே, கனகம் அழவில்லை. ஷேர் ஆட்டோவை நிறுத்தி, மகளை அணைத்துப் பிடித்து, நேரே இங்கே வந்துவிட்டார். அவசரப் பிரிவில் முதல் கேள்வி என்ன தெரியுமா? “எந்தக் கம்பெனி? எந்த மெஷினு?”

“மெஷின் இல்ல சார், மனசு.”

“மனசுக்கு வியாழக்கிழமைம்மா. அதுவரைக்கும் இங்கியே வெச்சிருங்க. தனியா வுடாதீங்க.”

சரியான சொல்! தனியே விடவேயில்லை. நடைபாதைக் கட்டிலில், எல்லோரும் போகவர இடித்துக்கொண்டே இருந்தார்கள். விரல் நசுங்கியவர் வந்தால், “நடக்கிற ஆளுதானே நீ, எழுந்து உக்காரும்மா.” தோள் விலகியவர் வந்தால், “எழுந்து உக்காரும்மா.” கனகம் பார்த்தார். முந்தானையின் ஓரத்தைக் கிழித்தார். மகளின் வலதுகையில் முழங்கை வரை சுற்றிக் கட்டினார்.

அதன்பிறகு நடந்ததல்லவா அற்புதம்! தலையணை வந்தது. “வலிக்குதா கண்ணு?” என்ற குரல் வந்தது. பக்கத்துக் கட்டில்காரர் ஆரஞ்சு உரித்துக் கொடுத்தார். சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், அவளும் சிரித்தாளாம்.

கட்டின் புகழ் அவள் கம்பெனி வரை போயிற்று. பாதுகாப்பு அதிகாரி வசந்தகுமார் ஹார்லிக்ஸோடு ஓடோடி வந்தார். அவர் கம்பெனி வாசலிலும் நம் எல்லோருடைய வாசலிலும் அந்தப் பலகை தொங்குகிறதல்லவா, ‘விபத்தில்லா நாட்கள்’ என்று? அது பூஜ்யத்துக்குப் போய்விடுமே என்ற பதற்றம் அவருக்கு. “இன்னாம்மா ஆச்சு? எந்த லைனு?” கனகம் உண்மையைச் சொன்னார். அதிகாரி நெஞ்சில் கைவைத்து, “அப்பாடா! கைக்கு ஒண்ணும் இல்லியே! பலகை தப்பிச்சுது!” என்றார். ஹார்லிக்ஸ் அவரோடே அடுத்த கட்டிலுக்குப் போயிற்று.

அவரைத் திட்டாதீர்கள், தோழர்களே! அவருக்குக் கொடுத்த பலகையில் மனசுக்குக் கட்டமே இல்லை.

அவர் போனதும் காவேரி அந்தக் கட்டை அவிழ்த்தாள். “வாம்மா, வூட்டுக்குப் போலாம். எனக்கு ஒண்ணுமே இல்லன்னு எல்லாரும் சொல்றாங்கோ.” இன்று செவ்வாய். நேற்றிலிருந்து அவள் கேட்பது அது ஒன்றுதான். கனகம் வேலைக்குப் போகாமல், இங்கே அந்தக் கட்டிலோரமே, ஆஸ்பத்திரி வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார். வியாழன் வரை மகளைப் பிடித்துவைக்க அவரிடம் இருப்பது இரண்டு கைகள்தான்.

ஐயா, எங்கள் லைனில் ஒரு கயிறு தொங்கும். கோளாறைக் கண்ட எவனும் இழுக்கலாம். இழுத்தால் லைன் நிற்கும், சூப்பர்வைசர் ஓடிவருவார். கதவில் ஒரு கீறல் விழுந்தாலே நிற்கும்! “வியாழக்கிழமை வா” என்று எவரும் சொன்னதுண்டா? ஒரு திருகாணி பொருந்தாவிட்டால் கொரியாவிலுள்ள தலைமை ஆபீஸை வீடியோவில் கூப்பிடுகிறோமே! ஒரு பெண் உயிரோடிருக்கச் செங்கல்பட்டுப் பெரியாஸ்பத்திரியைக் கூப்பிட முடியாதா? கதவுள்ள ஓர் அறை தர முடியாதா? கூடவே உட்கார்ந்து பேச, பயிற்சி பெற்ற ஒரு செவிலியைத் தர முடியாதா? காருக்கு உள்ள அவசரம் காவேரிக்குக் கிடையாதா?

இப்போது தட்டு தம்பி! இல்லை, வேண்டாம், தட்டாதே.

ஏனென்றால், நிகழ்ச்சி நிரலில் அடுத்தது நாடா வெட்டுதல். வெட்டியதும் வெடிக்கப் பத்தாயிரம் வாலா சரவெடியை அந்த மதிலோரம் விரித்திருக்கிறார்கள். மதிலுக்கு அந்தப் பக்கம் ஜன்னல். ஜன்னலுக்குக் கீழே அவள் கட்டில். உறங்கி இரண்டு இரவாகிறது அவளுக்கு.

தீப்பெட்டி வைத்திருக்கும் அண்ணே, தயவுசெய்து கீழே வையுங்கள்! தலைவர் அவர்களே, கயிற்றை இழுக்கிறேன். கோளாறைக் கண்டேன், விழாவை நிறுத்துகிறேன். மனநல மருத்துவரின் எண் உங்கள் கைப்பேசியில் இருக்கிறது, அழைப்பிதழ் கொடுக்க நீங்கள்தானே பேசினீர்கள்? இப்போதே கூப்பிடுங்கள். கத்தரிக்கோல் காத்திருக்கட்டும். கல்வெட்டு காத்திருக்கட்டும். இந்த மண்டபத்தில் முதலில் காத்திருக்கப்போவது நாமாக இருக்கட்டும்!

தலைவர் கைப்பேசியை எடுக்கிறார். அமைதி, தாய்மார்களே, அமைதி! மணி அடிக்கிறது... டாக்டர் எடுத்துவிட்டார்.

இதுவரை பொறுத்துக் கேட்ட உங்களுக்கு நன்றி, வணக்கம். ஒலிபெருக்கிக்காரரே, மைக்கை அணைத்துவிடுங்கள். ஐயா, போனை உள்ளே கொண்டுபோய் அவள் கையில் கொடுங்கள்.